வெங்காய வேந்தனின் வெள்ளி விழா

வாழ்க கஸ்பார்! முகில்முடி சூடிய மலையின் மேல், யூக்கலிப்டஸ் மணக்கும் குளிர்க்காற்றின் நடுவே, நாயுடுபுரத்து மேட்டுச் சந்தில் தகரக் கூரை வேய்ந்த இரண்டறை மாளிகைக்கு அதிபதியும், குரங்குகளாலும் கொழுந்தியாளாலும் அன்றிப் பிறிதெவராலும் வெல்லப்படாதவனும், கண்கள் ஆறாய்ப் பெருகி நின்றாலும் கைவாள் தாழ்த்தாதவனும், மூட்டை மூட்டையாய் வந்த பல்லாரிப் படைகளையும் சின்ன வெங்காயச் சேனைகளையும் தோலுரித்துத் துண்டாடிய தோள்வலி மிக்கவனுமாகிய கஸ்பார் வாழ்க! அவன் கத்தி வாழ்க! அவன் வெண்ணெயோடு பொருத பெரும்போரைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கும் நீங்களும் நன்றாக இருங்கள்.

காவியம் என்றால் காப்பு வேண்டுமே. சமையற்காரர்களின் பாதுகாவலரே, புனித லவுரேஞ்சியாரே! பகைவர் உம்மை இரும்புக் கம்பிகளின் மேல் கிடத்திக் கீழே தீ மூட்டியபோதும், "இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்" என்று சொன்னீராமே! ஸ்டேக் என்னும் கறித்துண்டம் சுடுவோருக்கு இதைவிடப் பெரிய உபதேசம் எந்த மேடையில் எவர் செய்தார்? அடியேன் சொல்லப்போகும் கதையிலும் ஒரு பக்கம் மட்டும் தீயாமல் பார்த்துக்கொள்ளும். அடுப்பு உம் பொறுப்பு, வாய் என் பொறுப்பு.

இனி, போருக்கு வித்தான பொய்யைச் சொல்ல வேண்டும். பொய் சிறியதுதான். ஆனால் இருபத்தைந்து ஆண்டு உரம் தின்று மரமாகிவிட்டது. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு பிப்ரவரி இருபதாம் தேதி, தவக்காலம் தொடங்க எட்டே நாள் இருக்கையில், கஸ்பார் கித்தேரியம்மாளைக் கைப்பிடித்தான். தவக்காலம் பிறந்துவிட்டால் நாற்பது நாளைக்குக் கோயிலில் கல்யாணம் கிடையாது அல்லவா? ஆகவே அந்த வாரம் மலையிலிருந்த மணமக்கள் எல்லாரும் கோயில் வாசலில் முட்டி மோதியதில், கஸ்பாருக்கு வாய்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு ஒரு மாதம் முன்பு பெண் பார்க்கப் போயிருந்தபோதுதான், "மாப்பிள்ளைக்கு என்ன சோலி?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையற்கட்டில் வெங்காயம் உரித்து வெட்டுவதே அன்றும் இன்றும் நம் வீரனின் சோலி. ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் தன்னைப் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். பார்த்த மாத்திரத்தில் அவன் நாக்கு, அவனை ஒரு வார்த்தை கேட்காமலே, "இங்கிலீஷ் சமையல் மாஸ்டருங்க. ஸ்டேக்கு, சாஸு எல்லாம் நம்ம கைதான்" என்று சொல்லிவிட்டது.

அன்று தொட்டு அந்த ஹோட்டலுக்கு ஆறு தலைமைச் சமையற்காரர்கள் வந்தார்கள், சிவப்பு ஒயினைச் சுண்ட வைத்து வெண்ணெய் சேர்த்துச் சாஸ் அடித்தார்கள், சம்பளம் போதாதென்று போனார்கள். வந்தவர் போனவர் எவரும் அந்தக் கரண்டியை ஒருநாளும் கஸ்பார் கையில் கொடுத்தாரில்லை. அவனோ மூன்றடி தள்ளி நின்று, ஒரு கண்ணால் வெங்காயத்துக்கு அழுது, மறு கண்ணால் சாஸைப் பார்த்து, பார்த்ததையெல்லாம் நெஞ்சுக்குள் எழுதி வைத்தான். வீட்டுக்கு வந்தால் மாஸ்டர். சமையற்கட்டில் "ஏலே, வெங்காயம் வெரசா வரட்டும்!" இப்படியே கால் நூற்றாண்டு ஓடிப்போயிற்று.

பொய்க்குப் பகை என்று ஒன்று பிறக்காமலா இருக்கும்? பிறந்தது, கித்தேரியம்மாளுக்கு அடுத்தே பிறந்தது, பெயர் ஆக்ஸிலியா. மலைக்குக் கீழே, பழனிப் பக்கம் ஆயக்குடியில் வாழ்க்கைப்பட்டவள்; ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்து அவர்கள் காதைச் சிவக்க வைப்பவள்; கொய்யாவைக் கையில் உருட்டிப் பார்த்தே உள்ளே சிவப்பா வெள்ளையா என்று சொல்பவள்; மச்சான் வாயிலிருந்து வரும் எதையும் முதல் நாள் தொட்டே நம்பாதவள். போன கிறிஸ்துமஸுக்கு மலையேறி வந்தவள், கேக்கை மென்றபடியே கணையைத் தொடுத்தாள்.

"மச்சான், இருவத்தஞ்சு வருசமா ஸ்டேக்கு ஸ்டேக்குங்கிறீங்க. எங்க அக்கா அதக் கண்ணால பாத்திருக்காளா? நெசமாவே மாஸ்டர்தானா, இல்ல வாய்ச்சவடாலா?"

கஸ்பார் எழுந்தான். மேசையைக் குத்தினான். மேசை மேல் இருந்த குடிலில் ஓர் இடையன் கவிழ்ந்து விழுந்தான். "கேட்டுக்க ஆக்ஸிலியா! வர்ற பிப்ரவரி இருவது எங்க கல்யாணத்துக்கு வெள்ளி விழா. அன்னைக்கு மத்தியானம் இதே மேசைக்கு ஸ்டேக்கு வரும், அதுக்கு மேல செவப்பு ஒயின் வெண்ணெய் சாஸும் வரும். வரலைன்னா, நான் மாஸ்டரே இல்லைன்னு நானே என் வாயால சொல்லிடுறேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். சபதம் செய்த மறுநிமிடமே அவனுக்கு உள்ளங்கால் குளிர்ந்துவிட்டது. சாஸ் திரிந்தால் சபதம் போகும், சபதம் போனால் பொய் வெளிவரும், பொய் வெளிவந்தால், கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்த அந்த இரண்டு கண்களில் இருபத்தைந்து ஆண்டாகக் குடியிருக்கும் மாஸ்டர் செத்துப்போவான். அதை நினைத்து ஜனவரி முழுதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தானை இல்லாதவர்கள் துண்டில் முடியுங்கள். அந்தச் சொல், வெள்ளி.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலையில், சுவரில் தொங்கிய பங்குக் கோயில் காலண்டரில் மறுநாளுக்குரிய தாளைக் கஸ்பார் சற்றே தூக்கிப் பார்த்தான். '20' என்று பெரிதாக இருந்தது. அதன் கீழே 'வெள்ளி' என்று இருந்தது. ஆகா! காலண்டரும் அறிந்திருக்கிறதே நம் வெள்ளி விழாவை என்று அவன் நெஞ்சு பூரித்தது. அதற்கும் கீழே பொடி எழுத்தில் இன்னொரு சொல்லும், பக்கத்தில் ஒரு குட்டிப் படமும் இருந்தன. அதைப் படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. நாமும் இப்போதைக்குப் படிக்க வேண்டாம்.

அப்போது பார்த்துக் கித்தேரியம்மாள், முந்தின நாள் கோயிலில் பூசிய சாம்பல் நெற்றியில் லேசாய்த் தங்கியிருக்க, துடைப்பமும் கையுமாக வந்தாள். "ஏங்க, நாளைக்கு வெள்ளி. ஞாபகம் இருக்குல்ல?"

"வெள்ளிய மறப்பேனா கித்தேரி? இதுக்காகத்தான இருவத்தஞ்சு வருசமா காத்துக் கெடக்கேன்!"

கித்தேரியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சாம்பல் புதனன்று வரிசையில் நின்றபோதுகூட 'வெண்ணெய், வெண்ணெய்' என்று முணுமுணுத்த மனுசனுக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது? தவக்காலம் வேலை செய்கிறது என்று மனதுக்குள் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு பெருக்கப் போனாள்.

விடிந்தது விழா நாள். வெள்ளனே எழுந்து, குரங்குத் தொப்பியைக் கிரீடமாய்க் கவிழ்த்து, ஸ்வெட்டரைக் கவசமாய்ப் பூண்டு, மஞ்சள் பையைக் கேடயமாய் ஏந்தி, மூடுபனியைக் கிழித்துக்கொண்டு கஸ்பார் கடைவீதிக்கு இறங்கினான். மாட்டுக்கறிக் கடையில் ஈயும் இல்லை. கடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். காலடி கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து, "என்னண்ணே, வெள்ளியும் அதுவுமா நீங்க மட்டும் வந்திருக்கீங்க?" என்று வியந்தார்.

கஸ்பாருக்கு மெய் சிலிர்த்தது. நம் வெள்ளி விழா கறிக்கடை வரைக்கும் தெரிந்திருக்கிறதே! "வெள்ளிக்கு நான் வராம வேற எவன்ணே வருவான்?" என்று மார்பை நிமிர்த்தினான். போட்டிக்கு ஆளில்லாத காரணத்தால், முதுகெலும்பின் உட்புறத்தே ஒளிந்து கிடப்பதும், ஹோட்டல்காரர்கள் அடித்துப் பிடித்து வாங்கிப் போவதும், நம்மைப் போன்றவர் கனவிலும் காணாததுமான அண்டர்கட் என்னும் அரசத் துண்டம் அன்று முழுதாக அவன் பைக்குள் வந்து இறங்கிற்று.

விருந்துக்குத் துணையாய் மீனும் இருக்கட்டும் என்று அங்கிருந்து மீன்கடைக்குப் போனால், அம்மம்மா, அதென்ன கூட்டம்! ஆசிரியைகள் என்ன, டாக்சி டிரைவர்கள் என்ன, விடுதிச் சமையற்காரர்கள் என்ன, கோயில் பாடற்குழு பாதிப் பேர் என்ன, எல்லாரும் கூடையும் கையுமாய் முண்டுகிறார்கள். கஸ்பார் தோளால் இடித்து, முழங்கையால் வழி அகற்றி, யாரோ ஒருவர் காலை மிதித்து, அதற்கு மன்னிப்பும் கேட்டு, முன்னணியை அடைந்தான். "வெள்ளின்னா ஒட்டுமொத்த ஊருக்கும் மீனுதான் வேணும். வஞ்சிரம் இந்தா, ரெண்டு துண்டுதான் கெடக்கு. வேணுமா, வேணாமா? வெரசா சொல்லுங்க!" என்று மீன்காரி பாப்பம்மாள் கத்தினாள். நம் வெள்ளிக்கு ஊரே மீன் வாங்கிக் கொண்டாடுகிறதா! கஸ்பார் இரண்டு துண்டையும் வாங்கிப் பைக்குள் போட்டு, அந்தக் கூட்டத்துக்கே ஒரு கும்பிடு போட்டான். எதற்கென்று தெரியாவிட்டாலும் இரண்டு மூன்று பேர் திரும்பக் கும்பிட்டார்கள்.

பழனியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகள் தோறும் வயிற்றைப் பிடித்து, ஒரு பை நிறையக் கொய்யாவோடு ஆக்ஸிலியா வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அக்காளும் தங்கையும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். கஸ்பார் அடுக்களைக் கதவை உள்ளே தாழிட்டான். "சாஸ் வெல்லும் வரை இந்தக் கதவு திறவாது!" என்று அவன் முழங்கியது தெருவில் போன நாய்க்கும் கேட்டது.

படைகளைப் பாருங்கள். இரண்டு பர்னர் அடுப்பு, அதில் ஒன்று சில நேரம் எரியும். மாமியார் சீதனமாய்த் தந்த இரும்புத் தோசைக்கல், மலைபோல் கனம். எவர்சில்வர் சட்டி ஒன்று, முள்கரண்டி ஒன்று. தீட்டித் தீட்டி மெலிந்து, இப்போது கத்தியின் நினைவாக மட்டுமே மிஞ்சியிருக்கும் அவன் கத்தி. பிரிஜ்ஜுக்குள் விறைத்துக் கிடக்கும் கட்டி வெண்ணெய். மலைப்பூண்டு, மிளகு, உப்பு, என்றோ ஃப்ரைடு ரைஸ் செய்ய வாங்கிய வினிகர். இவற்றுக்கெல்லாம் நடுவே, ஈஸ்டருக்கென்று கித்தேரியம்மாள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததும், முதல்நாள் அவள் ஜெபமாலைக்குப் போன நேரத்தில் கஸ்பார் கவர்ந்து வந்ததுமான கடைசி பாட்டில் வீட்டு ஒயின்.

அந்த ஒயினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கறுப்புத் திராட்சையைப் பிழிந்து, அதற்குச் சரி எடைக்குச் சீனி கொட்டி, கிராம்பும் பட்டையும் ஒரு கை கோதுமையும் போட்டு, ஜாடியில் அடைத்துக் கிறிஸ்துமஸுக்குத் திறப்பது அது. ஒரு மடக்குக் குடித்தால் பல் கூசும். ஹோட்டலில் சாஸுக்கு ஊற்றும் ஒயினோ புளிக்கும். கஸ்பார் அந்தப் பேதத்தைக் கருதினானில்லை. சிவப்பாய் இருப்பதெல்லாம் ஒயின் என்று எண்ணிப் பாதி பாட்டிலைச் சட்டியில் சரித்துத் தீயைத் தூக்கினான்.

முதல் போர் மூண்டது. ஒயின் கொதித்தது, குமுறியது, குமிழியிட்டது. சுண்டச் சுண்டச் சிவப்பு கறுப்பாயிற்று. கரண்டியால் கஸ்பார் மொண்டு தூக்கினான். கரண்டியோடு கூடவே சட்டியும் எழுந்தது! உதறினான், விடவில்லை. இழுத்தான், கம்பிக் கம்பியாய் நீண்டது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் கண்டால் கையெடுத்துக் கும்பிடும் கம்பிப் பதம் அது. கதவுக்கு அப்பாலிருந்து ஆக்ஸிலியாவின் குரல் அம்பாய் வந்தது: "அக்கா, உங்க வீட்டு மாஸ்டரு கமர்கட்டு காய்ச்சுறாரு போல. பிள்ளைகளுக்குக் குடுக்க எனக்கும் நாலு வேணும்!"

கஸ்பார் சட்டியை இறக்கி வைத்தான். பாதி ஒயின் மாண்டது. மீதிப் பாதியும் அதே இனிப்பு, அதே குலம். ஜன்னல் வழியே மூடுபனி எட்டிப் பார்த்து, இவன் நிலை கண்டு விலகிப் போனது. சொல்லிவிடலாமா? கதவைத் திறந்து, நான் மாஸ்டர் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? அவன் கை தாழ்ப்பாள் வரை போய்விட்டது. போகிற வழியில் அந்தக் கை, கூடையிலிருந்த சின்ன வெங்காயத்தில் பட்டது.

ஆகா, பட்டதே! நீரை விட்டு எறியப்பட்ட மீன் மீண்டும் நீரைத் தொட்டாற்போல அந்தக் கை துள்ளிற்று. இனிப்பா நம் பகை? இனிப்பை அறுக்க உறைப்பு இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, இந்த உலகத்தில் வெங்காயம் என்று ஒன்று இருக்கிறது! எடுத்தான் கத்தியை. உரித்தான் நாற்பது வெங்காயத்தை. தோல் ஒரு பக்கம் பறக்க, தலை ஒரு பக்கம் உருள, வாள் மின்ன, பலகை அதிர, டக்டக்டக்கென்ற ஓசை நாயுடுபுரம் முழுதும் எதிரொலிக்க, நெடுக்கில் நூலாய்ச் சீவி, குறுக்கில் கடுகாய்த் துணித்து, ஒன்றைப் போல் ஒன்று, ஒன்றுக்கு ஒன்று இளைக்காமல், குவித்தான் கஸ்பார் ஒரு வெள்ளை மலை. ஆறு தலைமைச் சமையற்காரர்களையும் கூட்டி வந்து நிறுத்தினாலும் அப்படி ஒரு குவியலை அவர்களால் எழுப்ப முடியாது. அவன் கண்ணில் பெருகியது வெங்காயத்தின் நீரா, வேறு நீரா என்று அவனுக்கே தெரியவில்லை.

சட்டியைத் தேய்த்துக் கழுவி, துளி வெண்ணெயில் அந்த மலையைச் சரித்து, வாசம் எழும் வரை வதக்கி, மிச்ச ஒயினை ஊற்றி, கிராம்பு பட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி நாடு கடத்தி, வினிகரைத் தாராளமாய் விட்டான். சுண்டியது. தொட்டு நக்கினான். இனித்தது, ஆனால் அடங்கி இனித்தது. புளித்தது, ஆனால் முறைக்காமல் புளித்தது. அளவு மட்டும் ஒரு வீட்டுக்கு வேண்டியதில் பாதி. இருக்கட்டும் என்று தோசைக்கல்லை அடுத்த அடுப்பில் ஏற்றினான்.

வஞ்சிரத் துண்டு இரண்டையும் முதலில் சுட்டெடுத்து, ஒரு தட்டில் வைத்து மூடினான். மீனை முதலில் சுட்டது அவன் செய்த புண்ணியம். எப்படி என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். அவனைப் பொறுத்தவரை மீன் வெறும் காலாள். பட்டத்து யானை இனித்தான் வருகிறது. புகையெழக் காய்ந்த கல்லின் மேல் அண்டர்கட் துண்டங்கள் இரண்டும் இறங்கியபோது எழுந்த முழக்கத்தில் தகரக் கூரை அதிர்ந்து, மேலே உட்கார்ந்திருந்த குரங்கொன்று பக்கத்து வீட்டுக்குத் தாவிற்று. லவுரேஞ்சியாரை நினைத்தான், திருப்பிப் போட்டான். பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகைத் தூவி, இரண்டு பக்கமும் பொன்னாய்ச் சிவந்ததும் இறக்கி ஓய வைத்தான்.

இனிக் கடைசிப் போர். தீயை அணைத்துவிட்டு, விறைத்த வெண்ணெயைத் தாயக்கட்டை அளவு கட்டிகளாக்கி, ஒவ்வொன்றாய்ச் சட்டியில் இட்டு முள்கரண்டியால் அடித்தான். முதல் கட்டி அடங்கியது. இரண்டாவது இணங்கியது. ஐந்தாவது கட்டியில் வந்தது கலகம்! ஒயின் ஒரு பக்கம் ஒதுங்க, வெண்ணெய் உருகி நெய்யாய் மிதக்க, சட்டிக்குள் இரண்டு நாடுகள் பிரிந்தன. சாஸ் திரிந்தது! தோள் ஓய அடித்தான், கேட்கவில்லை. மூச்சு வாங்கினான். அப்போது அவன் நெஞ்சின் ஏட்டில், பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாவது சமையற்காரர் பதறிக் கத்திய ஒரு கத்தல் ஒலித்தது: "திரிஞ்சு போச்சு! ஏலே கஸ்பாரு, ஒரு கரண்டி பச்சத்தண்ணி கொண்டா!"

அன்றைக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? இவனேதான்! பாய்ந்தான் குழாய்க்கு. நாயுடுபுரத்துக் குழாயில் தண்ணீர் வருவதே அரிது. வந்தால் விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்து வரும். அன்று வந்தது. ஒரே ஒரு கரண்டி. விட்டான், அடித்தான், அடித்தான், அடித்தான். பிரிந்த நாடுகள் ஒன்றையொன்று பார்த்தன, வெட்கப்பட்டன, கைகோத்தன. நெய் மறைந்தது. கருஞ்சிவப்புப் பட்டுப்போல் பளபளத்து, கரண்டியின் முதுகில் போர்வையாய்ப் படிந்து நின்றது சாஸ். கஸ்பார் அடுக்களைக்குள் தனியே நின்று ஒரு சுற்றுச் சுற்றி ஆடினான். அதை யாரும் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

ஆடி முடித்தவன் அத்தனை சாஸையும் யானைகளின் மேல் ஊற்றினான். பாதி ஒயின் பாகாய்ப் போனதால் காலாளுக்கு மிச்சமில்லை. அடுக்களைக் கதவு திறந்தது. வலக்கையில் ஒரு தட்டு, இடக்கையில் ஒரு தட்டு, தோளில் துண்டு, முகத்தில் கரி, வெற்றித் திருமகனாய் வெளிப்பட்டான் கஸ்பார். மேசை மேல் வைத்தான். "கித்தேரி! இருவத்தஞ்சு வருசம் நீ காணாதது. ஆக்ஸிலியா! நீ நம்பாதது. இந்தா, மாட்டுக்கறி ஸ்டேக்கு!" என்று முழங்கி முதல் தட்டின் மூடியைத் தூக்கினான்.

ஆவி எழுந்தது. வாசம் எழுந்தது. வேறு ஒன்றும் எழவில்லை. அக்காளும் தங்கையும் தட்டைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மச்சான்," என்றாள் ஆக்ஸிலியா, மிக மெதுவாக. "இன்னைக்கு என்ன?"

"வெள்ளி விழா."

"விழாவக் கழிச்சிட்டுச் சொல்லுங்க."

"வெள்ளி," என்றான் கஸ்பார். சொன்ன வாய் மூடவில்லை. தலை தானே காலண்டர் பக்கம் திரும்பியது. நேற்று நாம் படிக்காமல் விட்ட பொடி எழுத்து இப்போது அவன் கண்ணில் ஆனையாய்ப் பெருத்து நின்றது: சுத்தபோசனம். இறைச்சி தொடக்கூடாத நாள். அதன் பக்கத்திலிருந்த குட்டிப் படம், ஒரு மீன்.

"தவக்காலத்து மொத வெள்ளிக்கெழம!" ஆக்ஸிலியா எழுந்து நின்றாள். "மாட்டுக்கறி! அதுவும் ஞானோபதேசம் சொல்லிக் குடுக்குற என் மூஞ்சிக்கு முன்னால!" கஸ்பார் விரலால் மேலாக இருந்த சாஸை வழித்து மீனுக்கு மாற்றப் போனான். "தொடாதீங்க! கறி மேல பட்ட சாஸும் கறிதான்!" என்று தீர்ப்பு இடியாய் இறங்கிற்று.

காலியான நாற்காலியில் கஸ்பார் உட்கார்ந்தான். கறிக்கடையில் ஈ ஆடாத காரணமும், மீன்கடையில் ஊர் கூடிய காரணமும் ஒன்றன்பின் ஒன்றாய் அவனுக்கு விளங்கி, ஒவ்வொன்றும் ஒரு குட்டு வைத்தது. குரங்குத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். தின்ன முடியாத ஸ்டேக் வந்தும் வராததுதான்; சபதம் சபதம்தானே? அவன் வாயால் அவனே சொல்ல வேண்டியதைச் சொன்னான். "நான் மாஸ்டர் இல்ல கித்தேரி. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. வெங்காயம் வெட்டுறவன். உங்கப்பாகிட்ட பொய் சொல்லித்தான் உன்னக் கட்டுனேன்."

ஆக்ஸிலியாவே அதிர்ந்துபோனாள். வென்ற பிறகு என்ன செய்வதென்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

கித்தேரியம்மாளோ முதலில் முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்று நினைத்துக் கஸ்பார் பாதி எழுந்தான். அவள் சிரிக்கிறாள்! மூச்சுத் திணறச் சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி காலண்டரைப் பார்த்து, மறுபடி சிரித்தாள். "ஏங்க, பொண்ணு பாக்க வந்தன்னைக்கே தெரியுங்க. காப்பி டம்ளர வாங்குறப்ப உங்க கையில வெங்காய வாசம் கப்புனு அடிச்சுச்சு. மாஸ்டரு கையில வெங்காய வாசம் ஏன் வருது? எனக்காக ஒரு மனுசன் இம்புட்டுப் பெரிய பொய் சொல்லுறாரேன்னு சந்தோசமா இருந்துச்சு. அதான் சரின்னேன்."

இருபத்தைந்து ஆண்டு மாஸ்டராய் நடித்தவனுக்கு முன்னால், இருபத்தைந்து ஆண்டு தெரியாதவளாய் நடித்தவள் நின்றாள். இதில் எவர் பெரிய நடிகர் என்பதைச் சொல்லும் துணிவு இந்த அடியேனுக்கு இல்லை.

"அந்தச் சட்டிய எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள். கஸ்பார் கொண்டுவந்தான். கறி தொடாத சட்டி. அடியிலும் ஓரத்திலும் இரண்டு கரண்டி சாஸ் ஒட்டிக்கிடந்தது. அதில் பெரும்பாலும் வெங்காயம். மாடு படாத கல்லில் முதலில் வெந்த, யாரும் மதிக்காத அந்த வஞ்சிரத் துண்டைப் பிட்டுச் சட்டியோடு துடைத்து வாயில் போட்டாள். மென்றாள். கண்ணை மூடினாள். மலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது என் ஈஸ்டர் ஒயின்தான?"

கஸ்பார் தலை தானாகக் குனிந்தது.

"இருக்கட்டும். ஒயின் நான் போட்டது, வெங்காயம் நீங்க வெட்டுனது. நல்லாத்தான் சேந்துருக்கு," என்று சொல்லி அடுத்த துண்டைத் தோய்த்து அவன் வாயில் ஊட்டினாள். ஆக்ஸிலியா சற்று நேரம் கூரையைப் பார்த்தாள், கொய்யாப் பையைப் பார்த்தாள், கடைசியில் சட்டியைப் பார்த்தாள். "அக்கா, அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் கெடக்கு பாரு," என்று மேசை மேலிருந்த பன்னைப் பிய்த்து நீட்டினாள். சட்டி கழுவ வேண்டாத அளவுக்குச் சுத்தமாயிற்று.

இவ்வண்ணம், பாகாய்ப் போன ஒயினைப் பொறுத்து, பிரிந்த வெண்ணெயைச் சேர்த்து, வெள்ளியால் வீழ்ந்து, அதே வெள்ளியால் எழுந்து, மாஸ்டர் பட்டம் துறந்து அதனினும் மேலான ஆசனம் ஏறிய வெங்காய வேந்தன் கஸ்பார் வாழ்க! அவன் பொய்யை வாழவைத்த கித்தேரியம்மாள் வாழ்க! பிரிஜ்ஜின் குளிர்க்குகைக்குள், மூடியிட்ட தட்டில், சாஸ் போர்த்தி, தீண்டுவார் இன்றித் தவமிருந்த அந்தப் பட்டத்து யானைகளும் வாழ்க!

மறுநாள் சனிக்கிழமை காலையில் ஆக்ஸிலியா இரண்டு ஸ்டேக்கையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு எட்டரை மணி பழனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.